படகு எஞ்சினின் ஒயில் பில்டர்: சிந்தாமல் மாற்றுவதும் மாற்றிய பின் தோன்றும் கோளாறுகளும்

வன்னிக் கரையோரத்தில் அதிகம் காணப்படும் மண்ணெண்ணெய் ரூ-ஸ்ரோக் வெளியிணைப்பு (படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும்) எஞ்சின்களில் ஒயில் எரிபொருளோடு கலந்து எரிந்துவிடுவதால், அவற்றுக்கு ஒயில் பில்டர் கிடையாது. இங்கே சொல்லப்படுபவை போர்-ஸ்ரோக் வெளியிணைப்பு எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும், பேசாலைப் பக்கம் நிற்பவை போன்ற உள்ளிணைப்பு (படகுக்குள்ளேயே பொருத்திய) டீசல் எஞ்சின் படகுகளைப் பராமரிப்பவர்களுக்கும் உரியவை. சுழற்றிக் கழற்றும் தகரப் பில்டரையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் படகில் எந்தக் கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே செல்லலாம். ஆனால் புதிதாகச் செய்பவர்கள் முதல் பகுதியை முழுமையாக வாசித்துவிட்டே எஞ்சினில் கை வைக்க வேண்டும். மற்றப் பகுதிகளில் வரும் கோளாறுகளில் பல, முதல் பகுதியில் விட்ட பிழைகளாலேயே வருகின்றன.

பில்டரைத் தளர்த்தியவுடன் ஒயில் வழிந்து படகுக்குள் ஓடுகிறது

இதுவே எல்லோருக்கும் வரும் முதல் தொல்லை. எஞ்சினை நிறுத்தினாலும் பில்டருக்குள் இருக்கும் ஒயில் வடிந்துவிடுவதில்லை. காற்று உள்ளே புக வழியில்லாததால் அது அங்கேயே நின்று, இறப்பர் வளையம் விலகும் அந்தக் கணத்தில் முழுவதும் ஒரேயடியாக வெளியே வருகிறது. எனவே ஒயில் வெளியேறும் நேரத்தையும் திசையையும் நாமே தீர்மானித்துவிட்டுத்தான் பில்டரைத் திருப்ப வேண்டும்.

எஞ்சினை ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சூடேறிய ஒயில் இளகி விரைவாக இறங்கும். குளிர்ந்த ஒயில் பில்டரின் சுவரிலும் கடதாசி மடிப்புகளிலும் ஒட்டிக்கொண்டு நின்று, வேலை முடிந்தது என்று நினைத்த பின்னர் சொட்டும். நிறுத்திய பின் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிடுவது அவசியம். மேலே ஏறிய ஒயில் கீழே திரும்புவதற்கும், கை வைத்தால் பொறுக்கக்கூடிய அளவுக்குத் தகரம் ஆறுவதற்கும் அந்த நேரம் வேண்டும். வெளியிணைப்பு எஞ்சினைக் கரையில் வைத்துச் சூடேற்றுவதாயின், அதன் கால் பகுதியைத் தண்ணீர் நிரப்பிய பரலுக்குள் இறக்கிவிட்டே முடுக்க வேண்டும். தண்ணீரின்றி ஓடினால் சற்று நேரத்திலேயே நீர்ப் பம்பின் இறப்பர்ச் சக்கரம் கருகிவிடும்.

அடுத்து, படகின் அடிப்பள்ளத்தில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப் தானாக இயங்கும் வகையாயின், அதன் சுவிட்சை நிறுத்திவிடுங்கள். சிந்திய ஒயில் கடலுக்குப் போவது பெரும்பாலும் சிந்தும்போது அல்ல. யாரும் பார்க்காத இரவில் பம்ப் தானே இயங்கும்போதுதான் அது போகிறது.

பிறகு பழைய ஒயிலை எடுத்துவிட வேண்டும். உள்ளிணைப்பு எஞ்சினின் அடியில் உள்ள வடிகால் ஆணிக்குப் பெரும்பாலும் கை எட்டாது. எட்டினாலும் அதன் கீழே பாத்திரம் வைக்க இடமிருக்காது. ஆகவே ஒயில் அளவு பார்க்கும் கம்பி செல்லும் குழாய் வழியாகச் சிறிய குழாயை இறக்கிக் கைப்பம்பினால் உறிஞ்சி, மூடியுள்ள கானுக்குள் நேரடியாக விடுவதே துப்புரவான வழி. ஒயிலை எடுத்த பின் பில்டரைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி அப்படியே விடுங்கள். அந்தச் சிறிய இடைவெளியால் காற்று புக, பில்டருக்குள் நிற்கும் ஒயிலில் ஒரு பகுதி எஞ்சினுக்குள்ளேயே வடிந்து, ஒயில் தேங்கும் அடித்தட்டுக்கு இறங்கும். அதையும் பம்பினால் எடுத்துவிடலாம். பொறுமையாகக் காத்திருக்கும் இந்த ஐந்து நிமிடம் ஒரு மணித்தியாலத் துடைக்கும் வேலையை மிச்சப்படுத்துகிறது.

இனிப் பில்டர் எந்தத் திசையில் நிற்கிறது என்று பாருங்கள். வாய் மேலும் அடி கீழுமாகத் தொங்கினால், கிழியாத தடித்த பிளாஸ்ரிக் பை ஒன்றை அடியிலிருந்து மேலே ஏற்றி, பில்டரின் வாய் விளிம்பையும் தாண்டி எஞ்சினோடு ஒட்டப் பிடித்துக்கொண்டு, பைக்கு வெளியிலிருந்தே கையால் சுழற்றிக் கழற்றுங்கள். வழியும் ஒயிலும் பில்டரும் சேர்ந்தே பைக்குள் விழும். கடையில் சாமான் போட்டுத் தரும் மெல்லிய சொப்பிங் பை ஒன்று போதாது. இரண்டை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, அடியில் பழைய சாரத் துணித் துண்டொன்றை வைத்துக்கொள்ளுங்கள். பில்டர் கிடையாகப் படுத்திருந்தால் பை முழுமையாக உதவாது, ஏனெனில் ஒயில் வாயின் கீழ் விளிம்பால் எஞ்சினை ஒட்டியே ஓடும். ஒரு பெரிய பிளாஸ்ரிக் போத்தலை நெடுக்காகப் பாதியாக வெட்டி, அதன் ஓரத்தை எஞ்சினின் வளைவுக்கேற்பக் கத்தரித்து, பில்டரின் கீழே பீலிபோல் நுழைத்துவிட்டால் ஒயில் அதன் வழியே பாத்திரத்துக்கு வரும். வெளியிணைப்பு எஞ்சின்களில் பலவற்றுக்கு இந்தப் பீலியே பொருத்தம்.

பில்டரின் தகரத்தில் ஆணியால் துளையிட்டு முன்கூட்டியே வடித்துவிடும் முறையும் உண்டு. தாழ்வான இடத்தில் ஒரு துளை, காற்றுக்காக மேலே ஒரு துளை. நன்றாகவே வடியும்; ஆனால் துளையிட்ட பின் அந்த எஞ்சினை முடுக்க முடியாது. புதிய பில்டர் கையில் இருந்து, அது பொருந்துகிறது என்பது உறுதியான பின்னரே ஆணியை எடுங்கள்.

முல்லைத்தீவுக் கரையில் படகுகள் மணலில் ஏற்றப்பட்டு, எஞ்சின்கள் கழற்றி வாடிக்குக் கொண்டுவரப்படுவது வழக்கம் என்பதால், வெளியிணைப்பு எஞ்சினுக்கு இந்த வேலையை வாடியில் மரத்தாங்கியில் நிறுத்தி வைத்துச் செய்வதே எல்லாவற்றிலும் சிறந்தது. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்துத் தொழில் குறையும் நாட்கள் இதற்கு ஏற்றவை. கடல் மணலைத் தரையில் பரப்பி ஒயிலை உறிஞ்சச் செய்யும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பில்டர் கழன்று எஞ்சினின் வாய் திறந்திருக்கும்போது காற்றில் பறக்கும் ஒரு சிட்டிகை மணல், நீங்கள் மாற்றாமல் விட்டிருக்கக்கூடிய பழைய பில்டரைவிட அதிகக் கேடு செய்யும்.

பில்டர் அசையவே மறுக்கிறது

முதலில் சுழற்றும் திசையைச் சரிபாருங்கள். பில்டரின் அடிப்பக்கத்தை நேரே பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். எஞ்சினுக்குப் பின்னால் கையை வளைத்து நுழைத்துக்கொண்டு கண்ணால் பார்க்காமல் திருப்பும்போது திசை மாறிப்போவது எளிது. அப்போது தளர்த்துவதாக நினைத்து மேலும் இறுக்கிவிடுவோம்.

கையில் ஒயில் பட்டிருந்தால் பிடி கிடைக்காது. தகரத்தையும் கையையும் துடைத்து, அரத்தாளை முரட்டுப் பக்கம் தகரத்தில் படும்படி சுற்றியோ, பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றியோ திருப்பிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் பட்டி ஸ்பனர் வேண்டும். அது இல்லாத இடத்தில் வலை வேலைக்கு வைத்திருக்கும் நைலோன் கயிறு உதவும். கயிற்றை மூன்று நான்கு சுற்று இறுக்கமாகச் சுற்றி, நுனிகளை ஒரு தடியில் முடிந்து, தடியை நெம்புகோலாக்கி இழுத்தால் கயிறு தகரத்தைக் கவ்விக்கொண்டு திரும்பும். பட்டியோ கயிறோ, பில்டரின் வாய்க்கு அருகே போடப்பட வேண்டும். அங்கே தடித்த அடித்தகடு இருப்பதால் தகரம் நசுங்காது.

ஸ்குறூட்ரைவரைக் குறுக்கே அறைந்து அதைப் பிடித்துத் திருப்புவது பலருக்கும் தெரிந்த வழி. என் கருத்தில் அது கடைசி வழி மட்டுமே, ஏனெனில் தகரம் கிழிந்து சுற்றிவிட்டால் பிடிக்க எதுவும் மிஞ்சாது; கிழிசல் முழுவதாலும் ஒயில் கொட்டும். செய்தே ஆகவேண்டுமாயின் பைக்கு மேலாக அல்லாமல், கீழே அகன்ற பாத்திரம் வைத்து, நடுவில் உள்ள மரையாணியில் முனை படாதவாறு பில்டரின் அடிப்பாதியில் அறையுங்கள். அந்த மரையாணி கெட்டுவிட்டால் வேலை கராச் வரை போய்விடும்.

புதிய பில்டர் போட்ட பின் அதன் வாயோரம் கசிகிறது

உடனே மேலும் இறுக்காதீர்கள். எஞ்சினை நிறுத்தி, கழற்றிய பழைய பில்டரைப் பையிலிருந்து எடுத்து அதன் வாயைப் பாருங்கள். அதில் இறப்பர் வளையம் இருக்கிறதா? இல்லையென்றால் அது எஞ்சினில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதன்மேல் புதிய வளையம் அமர்ந்திருக்கிறது. இரட்டை வளையம் மெதுவான ஓட்டத்தில் சில நேரம் கசியாமலும் இருக்கும். விசை கூட்டியதும் பிதுங்கி, சில நிமிடங்களிலேயே எஞ்சினின் ஒயில் முழுவதையும் வெளியேற்றிவிடும். கறுத்து எஞ்சினின் நிறத்தோடு ஒன்றிவிட்ட பழைய வளையம் கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனியால் சுற்றிவரத் தடவிப் பார்த்தே அறிய முடியும்.

வளையம் சரியாக வந்திருந்தால், அமரும் இடத்தை நூல் உதிராத துணியால் துடைத்தீர்களா, புதிய வளையத்தில் புதிய ஒயில் பூசினீர்களா என்று நினைத்துப் பாருங்கள். உலர்ந்த இறப்பர் இறுக்கும்போது வழுக்காமல் முறுகி, ஒரு பக்கம் மடிந்துவிடும். சரியான இறுக்கம் பெரும்பாலான பில்டர்களின் உடலிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பொதுவாக, வளையம் தொட்டதும் அங்கிருந்து முக்கால் சுற்று, கையால் மட்டும். ஸ்பனரால் இறுக்கியது அடுத்த முறை கழற்றும்போது முந்தைய பகுதியின் தொல்லையாக வந்து நிற்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கசிந்தால், மரை அளவு தவறாக இருக்கலாம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உதிரிப்பாகக் கடையில் படகு எஞ்சினுக்குரிய பில்டர் இல்லாதபோது, உருவத்தில் ஒத்த லொறி அல்லது உழவு இயந்திரப் பில்டர் ஒன்று கைக்கு வருவது உண்டு. இந்தப் பில்டர்களில் பரவலான இரண்டு மரை அளவுகள் 20 மில்லிமீற்றர் விட்டமும் மரைச் சுற்றுகளுக்கிடையே 1.5 மில்லிமீற்றர் இடைவெளியும் கொண்ட மெற்றிக் மரையும், அங்குலத்துக்கு 16 சுற்றுக் கொண்ட முக்கால் அங்குல மரையும் ஆகும். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீற்றர். ஆகவே இரண்டுக்கும் இடையே விட்டத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரே வேறுபாடு; கண்ணால் அறிய முடியாது. முக்கால் அங்குல மரையாணியில் 20 மில்லிமீற்றர்ப் பில்டரைப் போட்டால் அது இலகுவாக ஏறும், வளையம் தொடும், இறுகியதுபோலவே இருக்கும். உண்மையில் மரையின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று பிடித்திருக்கும். குளிர்ந்த எஞ்சின் முடுக்கப்படும்போது ஒயில் அழுத்தம் 4, 5 பார் வரை எழும். அந்தத் தள்ளலில் பில்டர் கழன்று தெறித்தால், கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்களோ அவ்வளவு தூரம் துடுப்புத்தான். மறுதலையாக, 20 மில்லிமீற்றர் மரையாணியில் முக்கால் அங்குலப் பில்டர் ஓரிரண்டு சுற்றிலேயே சிக்கிக்கொள்ளும்.

இதைக் கண்டறியும் முறை எளிது. வளையம் தொடுவதற்கு ஒரு சுற்று முன்பாக நிறுத்தி, பில்டரை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சரியான மரையில் மிகச் சிறிய அசைவே இருக்கும். பிழையான மரையில் பில்டர் தொளதொளவென்று ஆடும். பழைய பில்டரையும் அதே இடத்தில் போட்டு ஆட்டி ஒப்பிட்டால் ஐயம் தீர்ந்துவிடும். உருவம் ஒத்திருக்கிறது என்பதை ஒருபோதும் ஆதாரமாகக் கொள்ளாமல், பழைய பில்டரின் இலக்கத்தைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டு நாள் கழித்து எஞ்சினைச் சுற்றித் தண்ணீரில் ஒயில் படலம் தெரிகிறது

இது கசிவாகவும் இருக்கலாம், அன்று சிந்தி எஞ்சின் மூடியின் அடிப்பகுதியில் தேங்கிய பழைய ஒயில் இப்போது வடிவதாகவும் இருக்கலாம். பில்டரையும் சுற்றுப்புறத்தையும் நன்கு துடைத்து, வாயோரம் முழுவதும் முகப்பவுடரை மெல்லத் தூவிவிட்டு, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். கசிவு இருந்தால் வெண்பூச்சில் ஈரக்கோடு ஒன்று தொடங்கிய இடத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் தலையே கசியும் இடம். பவுடர் உலர்ந்தே இருந்தால் அது எஞ்சியிருந்த பழைய ஒயில்தான். மூடியின் அடியிலுள்ள மூலைகளையும் வடிகால் துளைகளையும் துணி சுற்றிய குச்சியால் துடைத்து எடுத்துவிட்டால் போதும்.

முடுக்கிய பின்னும் ஒயில் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை

புதிய பில்டர் வெறுமையாக இருப்பதால், அது நிரம்பும் வரை சில வினாடிகள் விளக்கு எரிவது இயல்பு. பத்து வினாடிக்கு மேல் எரிந்தால் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். ஒயில் அளவைப் பாருங்கள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற மறந்தவர்கள் இருக்கிறார்கள். அளவு சரியாக இருந்தால், டீசல் எஞ்சினாயின் எரிபொருளை நிறுத்தும் நெம்பை இழுத்துப் பிடித்தபடி, வெளியிணைப்பு எஞ்சினாயின் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றுத் துண்டை எடுத்துவிட்டு, எஞ்சின் முடுங்காதவாறு சில தடவை சுழற்றினால் ஒயில் பில்டருக்குள் ஏறும்.

உள்ளிணைப்பு எஞ்சினில் இதைச் செய்யும்போது கடல்நீர் உள்ளெடுக்கும் வால்வை மூடிவிட வேண்டும். எஞ்சின் முடுங்காமல் சுழலும்போதும் நீர்ப் பம்ப் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கும்; அதை வெளியே தள்ளப் புகை இல்லாததால் புகைக்குழாய் நிரம்பி, தண்ணீர் சிலிண்டருக்குள் திரும்பிவிடக்கூடும். எஞ்சின் முடுங்கியதும் வால்வைத் திறக்க மறக்கக்கூடாது.

வாய் மேல்நோக்கிப் பொருத்தப்படும் பில்டரில் முன்கூட்டியே முக்கால்வாசி புதிய ஒயில் ஊற்றி, கடதாசி உறிஞ்சும்வரை காத்திருந்து பொருத்தினால் இந்தக் கவலை இல்லை. கிடையாகப் பொருத்துவதில் கடதாசி நனையும் அளவு போதும். ஒவ்வொரு நாள் காலையும் விளக்கு அணையத் தாமதிக்குமாயின், பில்டருக்குள் ஒயில் திரும்பி வடியாமல் தடுக்கும் இறப்பர் வால்வு இல்லாத அல்லது கெட்டுப்போன மலிவுப் பில்டரைச் சந்தேகியுங்கள். வாயிலுள்ள சிறு துளைகளுக்குள் எட்டிப் பார்த்தால் அந்த இறப்பர் தெரியும்.

எஞ்சின் சுழல மறுக்கிறது, அல்லது நீலம் கலந்த வெண்புகை கக்குகிறது

போர்-ஸ்ரோக் எஞ்சினை உழவு இயந்திரப் பெட்டியிலோ தரையிலோ பிழையான பக்கமாகப் படுக்க வைத்தால், அடித்தட்டு ஒயில் சிலிண்டர்களுக்குள் இறங்கிவிடும். எந்தப் பக்கம் படுக்க வைக்க வேண்டும் என்பது பெரும்பாலும் எஞ்சினின் உடலிலேயே குறிக்கப்பட்டிருக்கும். தவறிவிட்டால் வலுக்கட்டாயமாகச் சுழற்றாமல், பிளக்குகளைக் கழற்றி, துளைகளைத் துணியால் மூடி, மெதுவாகக் கையால் சுழற்றி ஒயிலை வெளியேற்றுங்கள். ஒயில் அளவையும் எஞ்சினை நேராக நிறுத்தியே பார்க்க வேண்டும். சரிந்து நிற்கும்போது பார்த்து ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும்.

எவ்வளவு கவனித்தும் ஒயில் அடிப்பள்ளத்தில் கலந்துவிட்டது

ஒரு பில்டரில் எஞ்சும் கால் லீற்றர் ஒயில் சிறிதாகத் தோன்றும். அது நீரின் மேல் ஆயிரத்தில் ஒரு மில்லிமீற்றர்த் தடிப்பில் பரவினால் 250 சதுர மீற்றரை, அதாவது ஒரு பரப்புக் காணி அளவை மூடும். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் போன்ற களப்புகளின் வாய் கோடையில் மணலால் அடைபட்டிருக்கும்போது அந்தப் படலத்துக்கு வெளியேற வழியே கிடையாது. இறால் குஞ்சுகள் வளர்வதும் அந்த ஆழமற்ற நீரில்தான். 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுறல் தடுப்புச் சட்டம் இருப்பதனால் மட்டும் அல்ல, அந்த இறாலை நம்பி அடுப்பெரியும் வீடுகள் இருப்பதனாலும் இதில் அலட்சியம் கூடாது.

பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றிப் பம்பினால் அடித்துவிடுவது மிகப் பிழையானது. படலம் கண்ணுக்கு மறையும், ஒயில் மறையாது. அது நுண்துளிகளாக உடைந்து நீருக்குள் கலந்துவிடுவதால், அதன் பிறகு யாராலும் அதை எடுக்க முடியாது. அதற்குப் பதிலாக, தண்ணீரை அசையாமல் விட்டு, மேலே மிதக்கும் ஒயிலைக் குழந்தைகளின் பம்பஸ், தும்பு, பழைய துணி ஆகியவற்றால் ஒற்றி எடுங்கள். பம்பஸ் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சி நிரம்பிவிடுவதால், ஈரமில்லாத இடத்தில் சிந்தியதற்கே அது சிறந்தது. வன்னியில் தாராளமாகக் கிடைக்கும் உமியைத் துணிப்பையில் அடைத்துப் பயன்படுத்தலாம். தளர்வாகத் தூவினால் பம்பின் வாயை அடைத்துக்கொள்ளும்.

பழைய பில்டரில் துளையிட்டு, வாய் கீழாகப் பாத்திரத்தின் மேல் 12 மணித்தியாலம் கவிழ்த்து வையுங்கள். வடிந்த ஒயிலைத் தண்ணீரோ பெற்றோலோ கலக்காமல் மூடிய கானில் சேர்த்து, கழிவு ஒயில் சேர்க்கும் வாகனச் சேவை நிலையத்தில் கொடுக்கலாம். கறையானுக்காக வேலிக்கட்டைகளில் பூசும் வழக்கம் நம்மிடம் உண்டு. கிணற்றுக்கு அருகே, அதிலும் கரையோர மணல் நிலத்தில், அதைச் செய்யக்கூடாது. மணலுக்குள் இறங்கிய ஒயில் குடிநீரைத் தேடிப் போய்விடும்.

மாற்றிய புதிய ஒயில் பால் நிறமாகிறது, அல்லது அளவு தானே கூடுகிறது

பால் கலந்த தேநீர் நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஒயில் குளிராக்கி, சிலிண்டர்த் தலைக்குக் கீழுள்ள கேஸ்கற், நீர்ப் பம்பின் தடுப்பு வளையம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நிறம் மாறாமல் ஒயில் நீர்த்து, கம்பியை முகர்ந்தால் டீசல் மணத்தால், எரிபொருள் பம்பின் மென்தகடு கிழிந்திருக்கலாம். இரண்டிலும் இன்னொரு பில்டர் போடுவது நோயைத் தீர்க்காது. காரணத்தைச் சரிசெய்த பின், குறைந்த விலை ஒயிலை ஊற்றி விசை கூட்டாமல் சில நிமிடம் ஓட்டி, சூட்டோடு எடுத்துவிட்டு, புதிய ஒயிலும் புதிய பில்டரும் போடுங்கள். அவற்றையும் வழமையான 100 மணித்தியாலம் வரை விடாமல் சில நாள் தொழிலுக்குப் பின் கழற்றி, தகரத்தை வெட்டிக் கடதாசி மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள். மினுங்கும் உலோகத் துகள்கள் தெரிந்தால் படகை இறக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள்.